ஆட்டோகேட் ஐசோமெட்ரிக்: தப்பாக வரும் எண்ணை வைத்தே தப்பைப் பிடிக்கலாம்

பைப்பிங் டிராயிங் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என் மேஜைக்கு வந்து சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, 100 போட்டுத்தான் வரைந்தேன், டைமென்ஷன் வைத்தால் 86.6 காட்டுது." அந்த எண்ணைக் கேட்டதுமே எங்கே தப்பு என்று தெரிந்துவிடும், டிராயிங்கைத் திறந்து பார்க்கவே வேண்டாம். 61.24 என்றால் வேறு தப்பு, 11.55 என்றால் இன்னொன்று. இத்தனை வருடம் இதையே திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஐசோமெட்ரிக்கில், அதாவது பொருளின் மூன்று முகங்களையும் 30 டிகிரிச் சாய்வில் ஒரே படத்தில் காட்டும் முறையில், ஒவ்வொரு தப்பும் தனக்கென்று ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணை அழித்துவிட்டுச் சரியானதைக் கையால் அடித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் தப்பைப் பிடிக்க இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

இங்கே சொல்வது ஆட்டோகேட் 2015-க்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும், 2டி-யில் வரையும் ஐசோமெட்ரிக்குக்கும் பொருந்தும். கமாண்டுகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஒலிக்கிறபடி ஆங்கிலத்தில் அடித்தால் போதும், எழுத்து பிசகக்கூடிய இடத்தில் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி 1: கிராஸ்ஹேர் சாயவில்லை, கூட்டல் குறி போலவே நிற்கிறது

கிராஸ்ஹேர் என்பது கர்சரோடு நகரும் இரண்டு குறுக்குக் கோடுகள். முதலில் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் ஐசோமெட்ரிக் டிராஃப்டிங் பொத்தானைப் பாருங்கள். அது கண்ணில் படவில்லையென்றால் அந்தப் பட்டையின் வலது கோடியில் மூன்று கோடு போட்ட சின்னம் இருக்கும், அதைத் திறந்து டிக் செய்தால் வந்துவிடும். அல்லது ஐசோடிராஃப்ட் என்று அடித்து லெஃப்ட், டாப், ரைட் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எஃப்5 அழுத்துகிறீர்கள், கமாண்ட் லைனில் ஐசோபிளேன் டாப், ரைட் என்று மாறி மாறி வருகிறது, கிராஸ்ஹேர் மட்டும் அசையவில்லை. இது நிறையப் பேரைக் குழப்புகிறது. எஃப்5 பிளேனை, அதாவது எந்த முகத்தில் வரைகிறோம் என்பதை, மாற்றுமே தவிர ஐசோமெட்ரிக் முறையை ஆன் செய்யாது. ஸ்னாப்ஸ்டைல் என்று அடித்து (ஆங்கிலத்தில் 'ஸ்டைல்' என்பதன் கடைசி 'இ' எழுத்து இதில் கிடையாது) மதிப்பை 1 ஆக்குங்கள், சாய்ந்துவிடும்.

எஃப்5 அழுத்தினால் கமாண்ட் லைனிலும் எதுவும் வரவில்லை என்றால் லேப்டாப்பின் எஃப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் கன்ட்ரோல் உடன் இ.

மாடலில் சாய்கிறது, லேஅவுட்டுக்கு (அச்செடுக்கும் தாளுக்கு) போனால் நேராகிவிடுகிறது என்றால் அது கோளாறே இல்லை. ஸ்னாப் அமைப்பு ஒவ்வொரு வியூபோர்ட்டுக்கும் (படம் தெரியும் சாளரத்துக்கும்) தனி. அதோடு இது டிராயிங்கோடு சேர்ந்து சேமிக்கப்படும் அமைப்பு என்பதால், புது ஃபைல் திறக்கும்போதெல்லாம் மறுபடி ஆன் செய்ய அலுப்பாக இருந்தால் ஆன் செய்த நிலையிலேயே ஒரு டெம்ப்ளேட் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: கிராஸ்ஹேர் சாய்ந்திருக்கிறது, கோடு மட்டும் வேறு பக்கம் போகிறது

*கோடு எந்தக் கோணத்திலும் சுதந்திரமாக ஓடுகிறது.* கோட்டை அச்சுத் திசையிலேயே ஓட வைக்கும் ஆர்த்தோ ஆஃப்-இல் இருக்கிறது. எஃப்8 அழுத்துங்கள். குறிப்பிட்ட கோணங்களில் கோட்டைப் பிடித்து நிறுத்தும் போலார் டிராக்கிங்கை எஃப்10-இல் ஆன் செய்தால் ஆர்த்தோ தானாக ஆஃப் ஆகிவிடும், இரண்டும் சேர்ந்து நிற்காது. போலார்தான் வசதி என்பவர்கள் அதன் கோணத்தை 30 ஆக்கிக்கொள்ளுங்கள், 90-இல் விட்டால் பிரயோஜனமில்லை.

*ஆர்த்தோ ஆன், ஆனாலும் தேவையான திசை கிடைக்கவில்லை.* பிளேன் தப்பு. லெஃப்ட் பிளேனில் 90, 150 டிகிரி திசைகள் கிடைக்கும், ரைட்டில் 30, 90. டாப்பில் 30-உம் 150-உம் மட்டுமே உண்டு, செங்குத்துக் கோடு அங்கே வராது. கமாண்ட் நடுவிலேயே எஃப்5 அழுத்தலாம், கோட்டை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

*கர்சர் தாவித் தாவிப் போகிறது.* எஃப்9, ஸ்னாப்பை ஆஃப் செய்யுங்கள்.

*கிராஸ்ஹேர் சாய்ந்திருக்கிறது, ஆனால் 30 டிகிரிபோல இல்லை.* யாரோ யுசிஎஸ்ஸை (எக்ஸ், ஒய் அச்சுகளின் அமைப்பை) திருப்பியிருக்கிறார்கள், அல்லது ஸ்னாப் கோணத்தை மாற்றியிருக்கிறார்கள். ஸ்னாப்ஆங் ('ஸ்னாப்' உடன் ஏ, என், ஜி) அடித்து 0 ஆக்குங்கள். அப்புறம் யுசிஎஸ் அடித்து வேர்ல்டு, தொடர்ந்து பிளான் அடித்து இரண்டு முறை என்டர். வேறு அலுவலகத்திலிருந்து வந்த ஃபைல்களில் இது அடிக்கடி இருக்கும்.

எதுவும் சரிவரவில்லை, வேலையும் அவசரம் என்றால் கோணத்தோடே அடித்துவிடலாம்: @100<30, @100<90, @100<150, எதிர்த்திசைக்கு 210, 270, 330. இது ஆர்த்தோ, ஸ்னாப், பிளேன் எதையும் நம்பியிருக்காது, யுசிஎஸ் மட்டும் வேர்ல்டில் இருக்க வேண்டும்.

அறிகுறி 3: வட்டம் சரியாக உட்காரவில்லை

சர்க்கிள் கமாண்ட் எப்போதும் முழு வட்டம்தான் போடும், ஐசோமெட்ரிக் முறையில் இருந்தாலும் அப்படித்தான். எலிப்ஸ் கமாண்டில் ஐசோசர்க்கிள் என்ற தேர்வைத்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேர்வே பட்டியலில் இல்லையென்றால் ஸ்னாப்ஸ்டைல் 0-வில் இருக்கிறது, அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

ஐசோசர்க்கிள் வருகிறது, ஆனால் முகத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது என்றால் பிளேன் தப்பு. மையத்தைக் கிளிக் செய்த பிறகும் எஃப்5 வேலை செய்யும், அழுத்திக்கொண்டே வாருங்கள், பொருந்தும்போது கண்ணுக்கே தெரியும்.

எலிப்ஸில் ஆர்க் தேர்வு காணாமல் போயிருந்தால் எலிப்ஸுக்கு முன் 'பி' சேர்த்து பிஎலிப்ஸ் என்று அடித்துப் பாருங்கள். மதிப்பு 1 என்றால் 0 ஆக்குங்கள்.

அறிகுறி 4: டைமென்ஷன் எண் தப்பு

எந்த எண் வருகிறது என்று பார்த்து அந்தந்தக் கிளைக்குப் போங்கள். எல்லா உதாரணத்துக்கும் கோட்டின் நீளம் 100, வட்டத்தின் விட்டம் 50 என்று வைத்துக்கொள்கிறேன்.

*86.6 அல்லது 50 வருகிறது.* டிம்லீனியர் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது கிடைமட்டத் தூரத்தையோ செங்குத்துத் தூரத்தையோதான் அளக்கும். 30 டிகிரியில் சாய்ந்த 100-க்குக் கிடைமட்டம் 86.6, செங்குத்து 50. டைமென்ஷனை அழித்துவிட்டு டிம்அலைன்டு போடுங்கள். இந்தத் தப்பு நாள் கணக்கில் மறைந்திருக்கக் காரணம், நேர் செங்குத்துக் கோடுகளுக்கு டிம்லீனியரும் சரியான எண்ணையே காட்டும். நான்கு அளவு சரியாக இருக்கிறதே என்று ஐந்தாவதையும் நம்பிவிடுவோம்.

*61.24 அல்லது 35.36 வருகிறது.* ஐசோசர்க்கிளின் குவாட்ரன்ட் புள்ளிகளைப் பிடித்து அளந்திருக்கிறீர்கள். அந்தப் புள்ளிகள் எலிப்ஸின் நீள அச்சிலும் குட்டை அச்சிலும் இருப்பவை, விட்டத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. மையத்தின் வழியாக ஐசோமெட்ரிக் திசையில் ஒரு சென்டர்லைன் வரைந்து, அது எலிப்ஸை வெட்டும் இரண்டு இடங்களை இன்டர்செக்ஷன் ஸ்னாப்பில் பிடியுங்கள். சரியாக 50 வரும். டிம்டயாமீட்டர் எலிப்ஸை ஏற்காது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். விட்டக் குறி வேண்டுமென்றால் டைமென்ஷன் எழுத்தில் இரண்டு சதவீதக் குறியும் 'சி' எழுத்தும் சேர்த்தால் போதும்.

*10 கேட்ட இடத்தில் 11.55 வருகிறது.* ஆஃப்செட். அது கோட்டுக்குச் செங்குத்தாக 10 நகர்த்துகிறது, ஐசோமெட்ரிக் அச்சில் அளந்தால் 11.547. தகட்டுத் தடிமன், ஃபிளாஞ்சு தடிமன், சுவர்த் தடிமன் எல்லாவற்றிலும் இது நுழைந்துவிடும், அதுவும் சின்ன எண் என்பதால் யார் கண்ணிலும் படாது. ஐசோமெட்ரிக்கில் ஆஃப்செட்டை மறந்துவிடுங்கள். ஆர்த்தோ ஆன் செய்து காப்பி, திசை காட்டி 10. போல்ட் ஓட்டை வரிசைக்கும் இப்படித்தான், காப்பிக்குள்ளேயே அர்ரே தேர்வு இருக்கிறது.

*81.65 வருகிறது.* வரைந்தது 3டி மாடலாக இருந்து, அதை ஐசோமெட்ரிக் வியூவில் நிறுத்தி ஃபிளாட்ஷாட் (3டி பார்வையை 2டி கோடுகளாக்கும் கமாண்ட்) எடுத்திருப்பீர்கள். அங்கே மூன்று அச்சுமே பார்வையில் சுருங்கித்தான் வரும். ஸ்கேல் கமாண்டில் ரெஃபரன்ஸ் தேர்வை எடுத்து, 100 ஆக இருக்க வேண்டிய கோட்டின் இரு முனைகளையும் கிளிக் செய்து, புது நீளம் 100 என்று கொடுங்கள். எல்லாம் ஒரே மடங்கில் நிமிர்ந்துவிடும்.

*99.87, 100.3 என்று நூல் பிசகு.* ஆப்ஜெக்ட் ஸ்னாப் (கோட்டின் புள்ளியைச் சரியாகப் பிடித்துத் தரும் வசதி) இல்லாமல் கண்ணால் கிளிக் செய்திருக்கிறீர்கள். எஃப்3 பாருங்கள். பிசகு கோட்டிலா டைமென்ஷனிலா என்று தெரிய லிஸ்ட் அடித்துக் கோட்டைத் தேர்ந்தெடுங்கள். நீளம் 100, கோணம் 30 என்று வந்தால் டைமென்ஷனை மட்டும் மறுபடி வைத்தால் போதும்.

*எல்லா எண்ணும் ஒரே மடங்கில் தப்பு.* சரியாக இரண்டு மடங்கு, 25.4 மடங்கு என்று. டிம்எல்எஃப்ஏசி ('டிம்' உடன் எல், எஃப், ஏ, சி) மதிப்பைப் பாருங்கள், 1 இருக்க வேண்டும். 25.4 என்றால் அங்குலத்தில் வரைந்த பிளாக்கை யாரோ மில்லிமீட்டர் ஃபைலில் இறக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

*கோட்டை இழுத்து நீட்டினாலும் எண் மாறவே இல்லை.* யாரோ கையால் அடித்த எண். பிராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற கட்டத்தைக் காலி செய்தால் உண்மையான அளவு வெளியே வரும். ஆனால் பைப்பிங் ஐசோமெட்ரிக்கில் கை வைப்பதற்கு முன் டிராயிங் மூலையில் 'ஸ்கேலுக்கு வரையப்படவில்லை' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 12 மீட்டர் பைப்பையும் 150 மில்லிமீட்டர் துண்டையும் ஒரே தாளில் காட்ட வேண்டியிருப்பதால் அங்கே நீளத்தை விருப்பம்போல வரைந்து எண்ணைக் கையால் எழுதுவதுதான் வழக்கம். அந்த டிராயிங்கில் ஓவர்ரைடைக் காலி செய்தால் சரியான எண்களை எல்லாம் நீங்களே அழித்ததாகிவிடும்.

அறிகுறி 5: எண் சரி, டைமென்ஷன் மட்டும் முகத்தோடு படியவில்லை

டிம்அலைன்டு வைத்ததும் எக்ஸ்டென்ஷன் லைன்கள் (அளந்த புள்ளிகளிலிருந்து டைமென்ஷன் கோடுவரை நீளும் கோடுகள்) கோட்டுக்குச் செங்குத்தாக நட்டுக்கொண்டு நிற்கும். அதைச் சாய்க்க டிம்எடிட் அடித்து ஆப்ளிக் (சாய்வு) தேர்வு. கேட்கும் கோணம் எக்ஸ்டென்ஷன் லைன் எந்தத் திசையில் ஓட வேண்டுமோ அது, வேறு கணக்கு இல்லை. ரைட் முகத்தில் 30 டிகிரிக் கோட்டுக்கு 90, அதே முகத்துச் செங்குத்துக் கோட்டுக்கு 30. லெஃப்டில் சாய்ந்த கோட்டுக்கு 90, செங்குத்துக்கு 150. டாப்பில் 30 கோட்டுக்கு 150, 150 கோட்டுக்கு 30.

எழுத்தும் படிய வேண்டுமென்றால் ஆப்ளிக் கோணம் 30 உள்ள ஒரு டெக்ஸ்ட் ஸ்டைல், மைனஸ் 30 உள்ள இன்னொன்று, அவற்றை வைத்து இரண்டு டைமென்ஷன் ஸ்டைல். எதற்கு எது என்பதைத் தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்:

ரைட் முகம்: சாய்ந்த கோட்டுக்கு 30, செங்குத்துக்கு மைனஸ் 30.
லெஃப்ட் முகம்: சாய்ந்த கோட்டுக்கு மைனஸ் 30, செங்குத்துக்கு 30.
டாப் முகம்: 30 டிகிரிக் கோட்டுக்கு மைனஸ் 30, 150 டிகிரிக் கோட்டுக்கு 30.

ஸ்டைல் மாற்றியும் எழுத்து படுக்கையாகவே நிற்கிறது என்றால் டைமென்ஷன் ஸ்டைலில் டெக்ஸ்ட் அலைன்மென்ட் 'ஹரிசான்டல்' என்று இருக்கும், 'அலைன்டு வித் டைமென்ஷன் லைன்' ஆக்குங்கள். எழுத்து அளவு கேட்கிறபடி மாறவில்லை என்றால் டெக்ஸ்ட் ஸ்டைலில் உயரத்தை 0 ஆக்குங்கள்.

அறிகுறி 6: ஃபில்லெட், மிர்ரர், ஹேட்ச் எல்லாம் கோணலாகத் தெரிகிறது

மூலையை வளைக்கும் ஃபில்லெட் உண்மையான வட்ட வில்லைப் போடும், ஐசோமெட்ரிக் முகத்தில் அது பொருந்தாது. மூலையிலிருந்து ஆரம் அளவு இரண்டு அச்சிலும் உள்ளே வந்து மையம் பிடித்து, ஐசோசர்க்கிள் போட்டு டிரிம் செய்யுங்கள். செங்குத்துக் கோட்டை வைத்து மிர்ரர் செய்தால் ரைட் முகம் லெஃப்ட் முகமாகிவிடும், எனவே காப்பிதான். ஹேட்ச் (முகத்தைக் கோடுகளால் நிரப்புவது) என்றால் வழக்கமான 45 டிகிரி பேட்டர்னுக்கு ரைட் முகத்தில் கோணம் 15, லெஃப்டில் 75 கொடுத்தால் முகத்தோடு படியும்.

அறிகுறி 7: டிராயிங் சரி, பட்டறையில் வேறு மாதிரி செய்துவிட்டார்கள்

இந்த ஒன்றில்தான் பணம் போகிறது. மேலே உள்ளவை எல்லாம் திரையில் தெரிந்துவிடும். இது வெல்டிங் முடிந்து சைட்டில் ஏற்றும்போதுதான் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. ஒரு பைப் லைன் வலது பின்புறத்திலிருந்து இடது முன்புறமாக, அதாவது 210 டிகிரித் திசையில் வருகிறது. ஓர் இடத்தில் 45 டிகிரி எல்போ (வளைவுத் துண்டு) போட்டு, அதே திசையில் போய்க்கொண்டே மேலே ஏற வேண்டும். முன்னால் 300, மேலே 300. அளவெல்லாம் சரியாகப் போட்டு நான் வரைந்தது 150 டிகிரித் திசையில் 300 நீளமுள்ள ஒரு கோடாக வந்தது. தப்பே இல்லை, ஐசோமெட்ரிக்கில் அது அப்படித்தான் விழும். ஆனால் 150 டிகிரி என்பது லெஃப்ட் அச்சின் திசையும்கூட. பைப்பைப் பொருத்தும் ஃபிட்டர் அதைப் பார்த்து, பைப் தரைமட்டத்திலேயே பக்கவாட்டில் திரும்புகிறது என்று 90 டிகிரி எல்போ வைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. தாளில் இருந்த கோட்டுக்கு இரண்டு அர்த்தம் இருந்தது, அவர் ஒன்றைப் படித்தார். அந்த ஸ்பூலை (பட்டறையில் வெல்டிங் செய்து முடித்த பைப் தொகுதியை) வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இதைத் தடுக்க, செலவில்லாததிலிருந்து சொல்கிறேன்:

அச்சில் இல்லாத ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் எலிவேஷன் (உயர மட்டம்) எழுதுங்கள். ஒரு முனையைவிட மறுமுனை 300 அதிகம் என்று தாளிலேயே இருந்தால் அதைத் தரைமட்டத் திருப்பமாக யாரும் படிக்க முடியாது. இந்த ஒன்றைச் செய்திருந்தால் அன்றைக்கு அந்த ஸ்பூல் தப்பியிருக்கும்.

அடுத்து, சாய்ந்த கோட்டை ஒரு பக்கமாக வைத்து முக்கோணம் வரைந்து ஹேட்ச் போடுங்கள். மற்ற இரு பக்கங்களும் ஐசோமெட்ரிக் அச்சில் ஓடும், அவற்றில் 300, 300 என்று டைமென்ஷன். ஏறி இறங்கும் பைப் என்றால் செங்குத்து முக்கோணம், தரைமட்டத்தில் சாயும் பைப் என்றால் கிடைமட்ட முக்கோணம். பைப்பிங்கில் பழகிய ஃபிட்டர் கோட்டைப் பார்ப்பதற்கு முன் முக்கோணத்தைத்தான் பார்ப்பார். ஏறியும் பக்கவாட்டில் விலகியும் போகிற பைப்புக்கு முக்கோணம் போதாது, முழுப் பெட்டியாக வரைந்து மூன்று அளவும் கொடுங்கள்.

சாய்ந்த கோட்டின் நீளத்தை ஒருபோதும் டிராயிங்கிலிருந்து அளந்து எழுதாதீர்கள். மேலே சொன்ன பைப்பின் உண்மையான நீளம் 424.26. டிராயிங்கில் அளந்தால் 300. அதே பைப் எதிர்ப்பக்கமாக, 30 டிகிரித் திசையில் போய்க்கொண்டே ஏறியிருந்தால் 519.6 என்று காட்டும். 45 டிகிரி சேம்ஃபருக்கும் (மூலையைச் சரிவாக வெட்டுவதற்கும்) இதே கதைதான். கோணத்தை வைத்து வரையக் கூடாது, இரு அச்சிலும் அளந்து இரு புள்ளி குறித்துச் சேர்க்க வேண்டும்.

வடக்கு அம்பும் பிளானோடு (மேலிருந்து பார்க்கும் படத்தோடு) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தாளில் வடக்கு மேல்வலம், இந்தத் தாளில் மேல்இடம் என்றால் இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் கண்டிப்பாகத் தடுமாறுவார்.

அச்சில் இல்லாத கோடு ஒன்றாவது இருக்கும் தாளை, வரைந்தவரே சரிபார்த்து வெளியே விடக் கூடாது. அந்த லைனைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, பைப் எங்கே போகிறது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். பிளானைக் காட்ட வேண்டாம். அவர் தயங்குகிற இடத்தில் ஃபிட்டரும் தயங்குவார்.

அறிகுறி 8: வியூவைத் திருப்பினால் படம் தட்டையாகிவிடுகிறது

2டி ஐசோமெட்ரிக் தட்டையானதுதான், ஆர்பிட் செய்து பார்க்க அதில் ஒன்றுமில்லை. ஒரே பொருளை நான்கு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள், அளவு வாரம்தோறும் மாறுகிறது என்றால் 3டி-யில் ஒரு முறை மாடல் செய்து அதிலிருந்து வியூ எடுப்பதே லாபம். ஒரே ஒரு தாள் என்றால் 2டி போதும்.

எப்போது நிறுத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்

ஃபைல் திறக்கும்போதே விழுகிறது என்றால் ரெக்கவர், திறந்த பின் ஆடிட். அதிலும் சரியாகவில்லை என்றால் பேக்கப் ஃபைலைப் பிரதியெடுத்து, பெயரின் கடைசியில் உள்ள பிஏகே-ஐ டிடபிள்யூஜி என்று மாற்றித் திறந்து பாருங்கள். கோடுகள் மினுங்குகின்றன, கிராஸ்ஹேர் தடம் விட்டுப் போகிறது என்றால் கிராஃபிக்ஸ்கான்ஃபிக் அடித்து ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை ஆஃப் செய்யுங்கள். அதற்கு மேல் டிரைவர், கார்டு என்று போவது கம்ப்யூட்டர் பார்ப்பவர் வேலை, அரை நாளை அதில் தொலைக்க வேண்டாம்.

சைட்டில் அளந்த அளவும் டிராயிங்கும் ஒத்துப்போகவில்லை என்றால் டிராயிங்கை இழுத்துச் சமாளிக்காதீர்கள். மறுபடி அளக்கச் சொல்லுங்கள், பைப்பிங் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள். பைப்பின் வழியை மாற்ற வேண்டும், சப்போர்ட்டை நகர்த்த வேண்டும் என்றால் ஸ்ட்ரெஸ் கணக்குப் பார்ப்பவர் ஒப்புதல் இல்லாமல் கோடு ஒன்றுகூட நகரக் கூடாது. சூடாகும் பைப் விரிவதற்கென்றே விட்ட வளைவை, வீண் வளைவு என்று நினைத்து நேராக்கிவிட ஐந்து நிமிடம் போதும்.

3டி பிளான்ட் மாடலிலிருந்து தானாக உருவான ஐசோமெட்ரிக்கில் எல்போ அளவோ பொருட்பட்டியலோ தப்பாக இருந்தால் அந்தத் தாளைத் திருத்தாதீர்கள். அடுத்த முறை மாடலிலிருந்து எடுக்கும்போது உங்கள் திருத்தம் எல்லாம் அழிந்து பழைய தப்பே திரும்ப வரும். தப்பு கேட்டலாக்கிலோ (பொருள் அளவுகளின் தொகுப்பு) ஸ்பெக்கிலோ (எந்த லைனுக்கு எந்தப் பொருள் என்ற விதிப்பட்டியல்) இருக்கிறது. லைன் நம்பரையும் தப்பான எண்ணையும் வட்டம் போட்டுக் குறித்து, அதைப் பராமரிக்கும் அட்மினிடம் கொடுங்கள். அவர் சரிசெய்து மறுபடி எடுத்துத் தரும்வரை அந்தத் தாளில் 'பட்டறைக்கு அனுப்பாதே' என்று பெரிதாக எழுதி வையுங்கள்.